படத்தில் பார்த்த சிவப்பு கிட்டாரை பெங்களூரில் செய்துகொள்ள முடியுமா?

பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், இப்போது வைட்ஃபீல்டில் வேலை. சின்ன வயதில் மாமா வீட்டு வீடியோ கேசட்டில் 'பேக் டு த ஃப்யூச்சர்' பார்த்ததிலிருந்து, பள்ளி நடன விழாவில் கதாநாயகன் வாசிக்கும் அந்தச் சிவப்பு கிட்டார் மேல் அவருக்கு ஒரு கண். ரூ.70,000 வரை செலவழிக்கத் தயார். 'அதே கிட்டார்' வேண்டும், முடிந்தால் படத் தொடக்கத்தில் வரும் குட்டி மஞ்சள் கிட்டாரும் வேண்டும். வாங்குவதா, செய்துகொள்வதா, அச்சு அசலாக வருமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: 'ஹால் சுவரில் மாட்டுவேன், சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு வாசிக்கவும் செய்வேன்.' என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. சுவரில் மாட்டிப் பார்க்கவேண்டிய கிட்டாரில் எதற்குக் காசு போடவேண்டுமோ, வாசிக்கவேண்டிய கிட்டாரில் அதற்குப் போடவேண்டியதில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்றால் எங்கே விட்டுக்கொடுப்பது என்று முதலில் முடிவு செய்யவேண்டும்.

நான் அல்சூர்க்காரன். காக்ஸ் டவுனில் வீட்டுப் பின்னறையில் 22 வருடமாக கிட்டார் பழுது பார்க்கிறேன். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மாற்றுவது, நட் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளம் போட்ட துண்டு) வெட்டுவது, வயரிங், உடைந்த கழுத்தை ஒட்டுவது, இவையெல்லாம் என் கை வேலை. ஸ்ப்ரே அடிப்பதற்கு வேறு ஆளிடம்தான் கொடுக்கிறேன். பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள், அதை நான் சுற்றுவதில்லை. அதனால் கீழே வருவதில் மரம், கம்பி, சால்டரிங் பற்றிச் சொல்வதை நம்பலாம். நிறம் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சந்தேகமே இல்லாத விஷயங்கள். படத்தில் இருப்பது கிப்சன் நிறுவனத்தின் இ.எஸ்-345. செர்ரி சிவப்பு, தங்க முலாம் பூசிய பாகங்கள், வாலில் பிக்ஸ்பி. பிக்ஸ்பி என்றால் கைப்பிடியை அழுத்தினால் சுருதி தளர்ந்து நடுங்குமே, அந்த அமைப்பு. கதாநாயகன் காலத்தில் பின்னோக்கிப் போய் இறங்கும் கதை இது, நடன விழாக் காட்சி நடப்பது 1955 நவம்பர் 12ஆம் தேதி. இந்த வகையின் மூத்த அண்ணனான இ.எஸ்-335 வந்ததே 1958இல்தான், 345 அதற்கு அடுத்த வருடம். ஆக, அந்த மேடையில் அந்த கிட்டார் இருக்க வழியே இல்லை. அங்கே அவன் வாசிக்கும் சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' பாட்டும் 1958இல் வந்ததுதான், ஆனால் பாட்டையாவது பையன் எதிர்காலத்திலிருந்து மனதில் கொண்டுவந்தான் என்று கதை சமாளித்துவிடுகிறது. கிட்டாரோ கையில் காயம்பட்ட உள்ளூர் வாத்தியக்காரருடையது, ஏற்கெனவே மேடையில் இருக்கிறது! அதை யார் எதிர்காலத்திலிருந்து கொண்டுவந்தார்களாம்? சக் பெர்ரி என்றாலே நமக்கு நினைவு வருவது சிவப்பு நிற, எஃப் எழுத்து வடிவில் ஓட்டை போட்ட, மெல்லிய உடல் கிப்சன்தான். அந்த ஞாபகத்துக்காகவே கலைப் பிரிவு இதை எடுத்திருக்கும் என்பது என் ஊகம். வருடக் கணக்கு பார்த்திருந்தால் வேறு கிட்டார்தான் கிடைத்திருக்கும், காட்சியும் இவ்வளவு மனதில் நின்றிருக்காது.

படப்பிடிப்புக்கு அதை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் உள்ள நார்மன்ஸ் ரேர் கிட்டார்ஸ் என்ற பழைய கிட்டார் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தார்கள். 1989இல் வந்த இரண்டாம் பாகத்துக்காக மறுபடி தேடியபோது கிடைக்கவில்லை. இன்றுவரை எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. 2025 ஜூனில் கிப்சன் நிறுவனமே பொதுமக்களிடம் 'யாரிடமாவது இருக்கிறதா பாருங்கள்' என்று கேட்டு ஒரு தேடலை அறிவித்தது. இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த அறிவிப்பில் உங்களுக்கு மிக உபயோகமான ஒரு அடையாளம் இருந்தது. 345இன் ஃப்ரெட்போர்டில் (கழுத்தின் மேல் விரல் அழுத்தும் பலகை) மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கும் இன்லேக்கள், அதாவது பதித்த அலங்காரத் துண்டுகள், சாய்ந்த நாற்கரங்கள். ஒவ்வொன்றும் குறுக்கே பிளந்து இரண்டு துண்டாக இருக்கும். தொலைந்துபோன கிட்டாரில் மட்டும் 12ஆம் ஃப்ரெட்டில் இருப்பது பிளவில்லாத ஒரே துண்டு. தொழிற்சாலையில் நடந்த தவறா, பிறகு யாரோ மாற்றினார்களா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. உங்கள் கிட்டார் 'அதே கிட்டார்' என்று விஷயம் தெரிந்தவன் ஒருவன் வாய் பிளக்கவேண்டுமென்றால், அந்த 12ஆம் ஃப்ரெட்டைப் பார்த்துத்தான் பிளப்பான். மற்றதெல்லாம் எந்த 345இலும் இருப்பது.

இனி சந்தேகத்துக்குரியவை. அது எந்த வருடத்து கிட்டார் என்பதில் ஆளுக்கொரு கணிப்பு. 1960களின் தொடக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கொம்புகள் இரண்டும் உருண்டையாக, மிக்கி மவுஸ் காது போல இருக்கும் உருவம் அந்தக் காலத்துக்குரியது. 1960களின் நடுவில் வந்தவற்றில் அவை கொஞ்சம் கூர்மையாகிவிட்டன. 1965 வாக்கில் நட் அகலமும் குறைந்துவிட்டது, 1 11/16 அங்குலத்திலிருந்து 1 9/16க்கு. இந்த வித்தியாசம் திரையில் தெரியாது, இடது கைக்கு உடனே தெரியும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவெடுக்கலாம் என்று உங்களைப் போலவே நிறையப் பேர் என்னிடம் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறார்கள். கேமரா லென்ஸும் கோணமும் சேர்ந்து கிட்டாரின் நீள அகலத்தை எப்படியெல்லாமோ இழுக்கும். படத்திலிருந்து எடுக்கவேண்டியது எது எங்கே இருக்கிறது என்ற வரிசையை மட்டும்தான். அளவுகளுக்கு இருக்கவே இருக்கின்றன உண்மையான 345இன் அளவுகள்: உடல் அகலம் 16 அங்குலம், கனம் ஒன்றே முக்கால் அங்குலத்தை ஒட்டி, கம்பி நீளம் பெயரளவில் 24¾ அங்குலம், ஃப்ரெட்போர்டின் வளைவு 12 அங்குல ஆரம்.

நிறம் இன்னும் மோசம். அந்தக் காலத்து செர்ரிச் சாயம் வெயில் பட்டால் வெளுக்கும். சிலது ஆரஞ்சாகும், சிலது அறுத்துவைத்த தர்ப்பூசணி நிறத்துக்குப் போகும். அது போதாதென்று மேடை விளக்கு, ஃபிலிம், பிறகு ஒவ்வொரு டிஸ்க் வெளியீட்டுக்கும் புதிதாகச் செய்த வண்ணத் திருத்தம். கேசட்டில் நீங்கள் பார்த்த சிவப்பும் இன்று உங்கள் டிவியில் தெரியும் சிவப்பும் ஒன்றே இல்லை. காட்சியில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒரு துணியைப் பாருங்கள். அது மஞ்சளாகத் தெரிந்தால் சிவப்பையும் அந்த அளவுக்குக் கழித்துக்கொள்ளவேண்டும். அதற்கு மேல் துல்லியம் தேடிப் பயனில்லை.

சத்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், 'அந்த டோன் வருமா' என்று. நமக்குப் பின்னணிப் பாடகர் புதிதில்லை. அந்தக் காட்சியில் கிட்டாருக்கும் பின்னணிதான். மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் விரல் நகர்வை ஆசிரியர் வைத்துக் கற்று ஒழுங்காகச் செய்திருக்கிறார், ஆனால் காதில் விழும் கிட்டார் டிம் மே என்ற ஸ்டூடியோ வாத்தியக்காரருடையது, குரல் மார்க் கேம்பலுடையது. நம் ஊரில் 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 'இளைய நிலா' பாட்டுக்கு மோகன் கையில் கிட்டார், காதில் சந்திரசேகர் வாசித்தது. அதே கதைதான். எனவே கண்ணுக்குத் தெரியும் கிட்டாரை எவ்வளவு சரியாகச் செய்தாலும் சத்தம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. நல்ல ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), கொஞ்சம் கரகரக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர், வேகமான வலது கை, இவை இருந்தால் பக்கத்தில் வரலாம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய செலவு மிச்சம், அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் பணம். உண்மையான 1960கள் 345 பல லட்சம் ரூபாய், அந்தப் பேச்சை விட்டுவிடலாம். ஒருவேளை யாராவது வெளிநாட்டிலிருந்து மலிவாகத் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள். அந்தக் காலத்து ஃப்ரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட். 1992இலிருந்து அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்குப் போய் எங்களைப் படாத பாடு படுத்தின, 2019 நவம்பரில் முழுமையாகச் செய்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. பிரேசில் மரம் அரிதானபோது உலகம் முழுக்க கிட்டார்க்காரர்கள் தேடிவந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தைத்தான். தோதகத்தி என்றும் சொல்வோம். தாத்தா காலத்துக் கட்டில்களில் இருக்கும் அதே கருஞ்சிவப்பு மரம்.

ஒன்றுமில்லாததிலிருந்து செய்வது? 345 பலகையை வெட்டிச் செய்யும் கிட்டார் இல்லை. மேலும் கீழும் அழுத்தி வளைத்த ப்ளைவுட், மேப்பிளும் பாப்ளரும் அடுக்கியது. நடுவில் நீளமாக ஒரு மேப்பிள் கட்டை, இரண்டு பக்கமும் வெற்றிடம். அந்த வளைவை அழுத்தி எடுக்க அச்சு வேண்டும். ஒரு கிட்டாருக்காக அச்சு செய்வது ஒரு இட்லிக்காக கிரைண்டர் வாங்குவது மாதிரி. மைசூர் ரோடு மரக் கிடங்குகளில் நல்ல மஹோகனி கிடைக்கும், பீன்யாவில் சி.என்.சி. வெட்டித் தருவார்கள், ஆனால் இந்த உடலுக்கு அவை இரண்டும் உதவாது. ஆகவே தயாராக இருக்கும் ஒரு சிவப்பு செமி-ஹாலோவை (இதே மாதிரி நடுவில் கட்டை, பக்கங்களில் வெற்றிடம் உள்ள கிட்டார்) வாங்கி மாற்றுவதுதான் வழி. எபிஃபோனின் டாட் அல்லது அவர்களுடைய 335, ஐபனெஸ் ஆர்ட்கோர் வரிசையில் ஏ.எஸ்.73 மாதிரி ஒன்று. பழையதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பெங்களூரில் வேலை மாறி ஊர் மாறிப் போகிறவர்கள் விற்கும் கிட்டார்கள் எப்போதும் உண்டு, பாதிக்கு மேல் வாசிக்கப்படாமலே இருந்தவை.

வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஃப்ரெட்போர்டில் வட்டப் புள்ளி இன்லே உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். செவ்வகக் கட்டம் போட்டது பார்க்க 345க்கு நெருக்கமாகத் தோன்றும், விலையும் கூட இருக்கும். ஆனால் செவ்வகத்தைத் தோண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாய்ந்த நாற்கரம் வைத்தால் மூலைகளில் பழைய குழி எட்டிப் பார்க்கும். வட்டப் புள்ளி சின்னது, புதிய நாற்கரம் அதை முழுங்கிவிடும். 12ஆம் ஃப்ரெட்டில் மட்டும் இரண்டு புள்ளிகள் தள்ளித் தள்ளி இருக்கும், அவை நாற்கரத்துக்குள் அடங்குமா என்று காகிதத்தில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இன்லே வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், யாரிடம் கொடுத்தாலும் கேள்வி கேட்க உதவும். பழைய புள்ளியின் நடுவில் சின்ன ட்ரில் இறக்கி நெம்பி எடுத்துவிடுவோம். முத்துப் பளபளப்புள்ள பிளாஸ்டிக் தகட்டில் நாற்கரங்களை வெட்டி, அதையே ஃப்ரெட்போர்டில் இரண்டு சொட்டு பசையால் தற்காலிகமாக ஒட்டி, சுற்றிலும் கூரான கத்தியால் கோடு இழுப்போம். பென்சில் கோடு கூடாது, அதற்கே அரை மில்லிமீட்டர் கனம் இருக்கிறது. தகட்டை எடுத்துவிட்டு கோட்டுக்குள் சின்ன ரூட்டர் பிட்டால் தோண்டுவோம், ஓரங்களைக் கையால் உளி வைத்துச் சரி செய்வோம். ஃப்ரெட்போர்டு வளைவாக இருப்பதால் நடுவில் கொஞ்சம் ஆழமும் ஓரத்தில் மேலோட்டமுமாகக் கை தானாகப் போய்விடும், அங்கேதான் புதியவர்கள் கெடுப்பார்கள். பிறகு எபாக்ஸியில் மரத்தூள் கலந்து ஒட்டுவது. எபிஃபோன் இப்போது போடும் ஃப்ரெட்போர்டு பெரும்பாலும் இந்தியன் லாரல், அதாவது நம் கருமருது. ஈட்டித் தூளைக் கலந்தால் கறுப்பாக வரப்பு கட்டினாற்போலத் தெரியும். அதே ஃப்ரெட்போர்டின் ஓரத்தில் சுரண்டிய தூளைக் கலந்தால் கண்ணுக்கே தெரியாது. எட்டு இடம் இருக்கின்றன. ஏழில் பிளவு, 12இல் முழுசு. என் கைக்கு இது நிதானமாக நான்கு நாள் வேலை.

பிக்ஸ்பி அடுத்தது. (இந்தப் பெயர் 2019இலிருந்து ஃபெண்டர் நிறுவனத்தின் கையில். கிப்சன் வேஷம் போடும் உங்கள் கிட்டாரின் வால் மட்டும் போட்டிக் கம்பெனிக்குச் சொந்தம், வேடிக்கைதான்.) இந்த உடலுக்குப் பொருந்துவது பி7 வகை. ஓட்டை போடுவதற்கு முன் ஆறு கம்பியும் மாட்டவேண்டாம். இரண்டு ஓரக் கம்பிகளுக்குப் பதிலாக நட்டிலிருந்து பிக்ஸ்பி வரை இரண்டு தையல் நூல் கட்டுங்கள். இரண்டு நூலும் ஃப்ரெட்போர்டு ஓரத்திலிருந்து சமதூரத்தில் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூ. ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் மெல்லிய ஈ கம்பி கழுத்தை விட்டு வழுக்கும், வாழ்நாள் முழுக்க எரிச்சல். பிக்ஸ்பி போட்டால் சுருதி நிற்காது என்பது பாதிதான் உண்மை. நட்டின் பள்ளங்களைச் சரியாக ராவி, பென்சில் முனையைத் தேய்த்துக் கருப்புத் தூள் விட்டு, உருளை பிரிட்ஜ் (கம்பி உட்காரும் இடத்தில் சின்ன உருளைகள் உள்ள தாங்கி) ஒன்று மாட்டினால் சனிக்கிழமை கச்சேரிக்குத் தாராளமாகத் தாங்கும்.

செலவு மிச்சம் என்றேனே, அது வாரிடோன். 345இல் ஆறு நிலை கொண்ட ஒரு சுழல் ஸ்விட்ச் உண்டு. முதல் நிலையில் ஒன்றும் செய்யாது. மற்ற ஐந்திலும் ஒரு சோக் சுருளும் வெவ்வேறு கெபாசிட்டர்களும் சேர்ந்து சத்தத்தின் நடுப் பகுதியில் ஒவ்வொரு இடமாகக் குடைந்து எடுக்கும். அதோடு இந்த கிட்டார் ஸ்டீரியோ. ஒவ்வொரு பிக்கப்பும் தனித்தனி ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்படி செய்தது. சாதாரண கேபிளைச் செருகினால் ஒரு பிக்கப் மட்டும்தான் கேட்கும். இதை மோனோவாக, அதாவது இரண்டு பிக்கப்பும் ஒரே ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்படி மாற்றும்போது இன்னொரு பொறி இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு பிக்கப்பின் காந்தத்தைத் திருப்பி வைத்திருப்பார்கள். முன்பு ஒருவருடைய அசல் 345 வந்தபோது எனக்கு இது தெரியாது. மோனோ செய்துவிட்டு, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் நடு நிலையில் வைத்து வாசித்தால் ஜலதோஷம் பிடித்தவன் பேசுவது மாதிரி மூக்கால் வருகிறது. இரண்டு நாள் என் சால்டரிங்கையே திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்டேன். கடைசியில் காந்தத்தைத் திருப்பியதும் சரியாயிற்று. பழகியவர்கள் பலருக்கு அந்த மூக்குச் சத்தமே பிடிக்கும் என்பது வேறு கதை. உங்களுக்கு என் யோசனை: ஸ்விட்சின் தங்கநிற வட்டத் தகட்டையும் குமிழையும் மேலே பொருத்துங்கள், கண்ணுக்கு அது வேண்டும். உள்ளே ஸ்டீரியோ வேண்டாம். ஆறு நிலையில் இரண்டு மூன்று கெபாசிட்டர் மட்டும் கட்டினால் சும்மா ஒரு டோன் ஸ்விட்ச் ஆகிவிடும். எஸ்.பி. ரோட்டில் ரோட்டரி ஸ்விட்சும் கெபாசிட்டரும் சேர்த்து டிஃபன் செலவுக்குள் முடியும்.

உள்ளே வயர் போடுவதுதான் ரசமான வேலை. பின்பக்கம் மூடி கிடையாது, எல்லாம் எஃப் ஓட்டை வழியாகத்தான் போய் வரவேண்டும். முதலில் அட்டையில் கிட்டாரின் ஓட்டைகளை அதே இடைவெளியில் குத்தி, அதில் பாட் (சத்தத்தையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடிப்பாகம்), ஸ்விட்ச், கேபிள் செருகும் ஜாக் எல்லாவற்றையும் மாட்டி சால்டர் செய்து சோதித்துவிடவேண்டும். பிறகு மீன் தொட்டிக் கடையில் காற்றுக் குழாய் என்று மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் விற்பார்களே, அதை ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் விட்டு எஃப் ஓட்டையில் வெளியே எடுத்து, பாட்டின் தண்டில் செருகி, மெதுவாக இழுக்கவேண்டும். உள்ளே புரண்டு புரண்டு வந்து தண்டு ஓட்டையில் தலை காட்டும்போது சட்டென்று திருகு நட்டைப் போட்டுப் பிடிக்கவேண்டும். ஒன்று நழுவினால் மூன்றும் திரும்ப உள்ளே. உண்மையான 345இல் வாரிடோன் சோக் அடங்குவதற்காக நடுக் கட்டையிலேயே வெட்டியிருப்பார்கள், அங்கே இடம் தாராளம். நீங்கள் வாங்கும் கிட்டாரில் அந்த இடம் இருக்காது, அதனால் சின்ன அளவு பாட்களாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிக்கப் பற்றி நீட்டமாட்டேன். நடுத்தர அழுத்தமுள்ள பழைய பாணி ஹம்பக்கர் எதுவும் போதும். மூடி மட்டும் நிக்கல் சில்வரில் தங்க முலாம் பூசியதாக இருக்கட்டும். பித்தளை மூடி கூர்மையான சத்தத்தைத் தின்றுவிடும். நகரத்பேட்டையில் கவரிங் நகைக்கு முலாம் போடுபவர்களிடம் பழைய மூடியைக் கொடுத்து முலாம் போட்டு வாங்கியவர்களைத் தெரியும். பார்க்கப் பளிச்சென்று இருந்தது, ஆறே மாத வியர்வையில் வலது கை படும் இடம் வெள்ளையாயிற்று. அசல் கிப்சனிலும் தங்கம் தேயத்தான் செய்யும் என்பதால் இது குறையா அழகா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

நிறத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் 'அசல் மாதிரி நைட்ரோ அடிக்கலாமா' என்று நிச்சயம் அடுத்த கேள்வி வரும். நைட்ரோ என்பது வேறொன்றுமில்லை, நம் ஊர் பீரோவுக்கும் கதவுக்கும் அடிக்கிற என்.சி. லாக்கர்தான். சிவாஜிநகரில் மரச் சாமான்களுக்கு அடிக்கும் பெரியவர் ஒருவர்தான் எனக்கும் அடித்துத் தருவார். ஒரு ஜூலை மாதம், வாடிக்கையாளருக்கு அவசரம், மழை விட்ட மத்தியானம் ஒன்றில் அவரை வற்புறுத்தி ஒரு சிவப்பு உடலுக்கு அடிக்கவைத்தேன். பத்து நிமிடத்தில் சிவப்பின் மேல் பால் தெளித்த மாதிரி வெண்படலம். காற்றில் இருந்த ஈரம் லாக்கருக்குள் மாட்டிக்கொண்டது. 'நான்தான் சொன்னேனே சார், மழை வாடை இருக்கு வேணாம்னு' என்று அவர் கோபப்படாமல் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. மறுவாரம் வெயில் வந்ததும் மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னரை மெல்லப் புகைபோல அடித்து அந்தப் படலத்தைக் கரைத்தெடுத்தார். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் இங்கே அந்த வேலைக்கு ஏற்ற காலம். ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை. கடையில் வாங்கும் கிட்டாரின் மேல் இருப்பது கெட்டியான பாலியூரிதேன். அதை உரித்தால் அடியில் உள்ள சிவப்பும் சேர்ந்து போகும், மெல்லிய ப்ளைவுட் தோலும் போகும். செர்ரி நிறத்தில் வாங்குங்கள், அப்படியே விட்டுவிடுங்கள். மினுமினுப்பு அதிகமாகத் தோன்றினால் மெல்லிய உப்புத்தாள் போட்டுக் கொஞ்சம் மங்கவைக்கலாம், அதுவும் பின்பக்கம் ஒரு மூலையில் சோதித்துவிட்டு.

ஹெட்ஸ்டாக்கில் (கழுத்தின் உச்சியில் உள்ள தலைப்பகுதி) கிப்சன் என்று ஸ்டிக்கர் ஒட்டித் தரமுடியுமா என்று கேட்டால் என் பதில் முடியாது. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் வரை யாரும் கேட்கப்போவதில்லை. பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளையோ வேறு யாரோ விற்கும்போது அது ஏமாற்று வேலையாகிவிடும், வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார். அப்படி வந்தவர்களிடம் நான் விஷயத்தைச் சொல்லும்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமா பெயரைப் போட்டுக்கொள்ளுங்களேன், கேசட் அவருடையதுதானே.

மஞ்சள் கிட்டார் சுலபம். அது சிகிட்டா, டெக்சாஸின் ஆஸ்டினைச் சேர்ந்த மார்க் எர்லவைன் வடிவமைத்த பயண கிட்டார். ஒரே ஒரு ஹம்பக்கர், குட்டி உடல், கம்பி நீளம் சுமார் 19 அங்குலம். இதைத் தாராளமாக ஒன்றுமில்லாததிலிருந்து செய்யலாம். வளைவு இல்லை, வெற்றிடம் இல்லை, மஹோகனிப் பலகை ஒன்று போதும். ஃப்ரெட் இடங்களுக்குக் கணக்கு: கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் தூரம். 19 அங்குலம் என்றால் 482.6 மி.மீ., முதல் ஃப்ரெட் 27.1 மி.மீ. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போகவேண்டும். 12ஆவது சரியாகப் பாதியில், 241.3 மி.மீ.இல் வந்து விழுந்தால் கணக்கு சரி. இவ்வளவு குட்டைக் கம்பி வழக்கமான சுருதியில் தொளதொளவென்று இருக்கும், ஒன்றிரண்டு அளவு தடித்த செட் மாட்டுங்கள். பெரிய விரல்காரர் என்றால் 12க்கு மேலே நெருக்கடிதான். பட்ஜெட் இடித்தால் இதைச் சுவருக்கு மட்டும் வைத்துக்கொண்டு சிவப்பில் பணத்தைப் போடுங்கள். ரூ.70,000இல் கிட்டாருக்குப் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள். மீதியில் பிக்ஸ்பி, இன்லே, பிக்கப், கூலி எல்லாம் வரவேண்டும்.

சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், செர்ரிக்கு மாலை வெயில் எமன். மார்ச், ஏப்ரலில் இங்கே காற்று காயும்போது ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக் கையைக் கீறும், அது கிட்டார் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. மரம் சுருங்குகிறது, கொண்டுவந்தால் ராவிக் கொடுத்துவிடலாம். மாட்டும் கொக்கியில் கருப்பு ரப்பர் இருக்கும். உங்கள் பாலியூரிதேனை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, நைட்ரோ என்றால் ஒட்டிக்கொண்டு தோலோடு உரித்துவிடும். எதுவானாலும் அந்த ரப்பர் மேல் பழைய வேட்டித் துணி ஒரு சுற்று சுற்றிவிடுங்கள்.